கூடாரத்தில் உங்கள் பங்கு

தான் ஓர் அமெரிக்கர் என்பது யெஷி தஃபெரேவுக்கு நாற்பத்தைந்தாம் வயதில் தெரிந்தது. அன்று அவள் ஜிம்மா கடைத்தெருவில் இருக்கும் வங்கிக்கு ஒரு கூடார விஷயமாகப் போயிருந்தாள்.

கூடாரம் எங்கள் தெருவின் இத்திருக்கு வாங்க வேண்டியது. இத்திர் என்பது சாவுக்கான சங்கம். நூற்றுப் பதினெட்டு வீடுகள் சேர்ந்தது. மாதச் சந்தா உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் கூடாரம் போடும், பெஞ்சும் பானையும் கொண்டுவரும், மூன்று நாள் சமைக்கும், மூன்று நாள் கூடவே உட்கார்ந்து அழும். வராதவர்களுக்கு அபராதம். இத்திரில் இல்லாத ஒருவர் எங்கள் ஊரில் தாராளமாகச் சாகலாம். அடக்கம் ஆவதுதான் சிரமம்.

பழைய கூடாரம் ஒழுகியது. போன மழைக்காலத்தில் ஒரு துக்க வீட்டில் குழம்பு கொதிக்கக் கொதிக்க அளவு கூடிக்கொண்டே போனது. புதிது வாங்குவது என்று முடிவாகி, சேர்ந்த பணத்தை முதல்முறையாக வங்கியில் போட்டோம். கையெழுத்துப் போட இரண்டு பேர்: தலைவர் வொர்கு, பொருளாளர் யெஷி. வொர்கு ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘காஷே’. யெஷி பள்ளியில் உயிரியல் டீச்சர்.

எழுத்தர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு யெஷியின் அடையாள அட்டையைப் பார்த்தார்.

“பிறந்த இடம் ஒக்லஹோமான்னு போட்டிருக்கு. அது எந்தப் பக்கம்?”

“அமெரிக்கா.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க அமெரிக்கரா?”

“இல்லைங்க. டீச்சர்.”

யெஷியின் அப்பா தஃபெரே பெகெலெ அந்தக் காலத்தில் கோதுமைத் துருநோய் பற்றிப் படிக்க இரண்டு வருடம் அங்கே போயிருந்தார். கடைசிக் குளிர்காலத்தில் யெஷி பிறந்தாள். ஏழு மாதத்தில் ஜிம்மாவுக்கு வந்துவிட்டாள். அமெரிக்காவைப் பற்றி அவளுக்கு ஒரு நினைவும் இல்லை. அவளைப் பற்றி அமெரிக்காவுக்கு இருந்தது.

அமெரிக்கர் கையெழுத்துப் போடும் கணக்கு என்பதால், அவளுடைய அமெரிக்க வரி விவகாரம் முடியும்வரை பணத்தைத் தொட முடியாது என்று வங்கி ஒரு கடிதம் கொடுத்தது. பணத்தைப் போட மட்டும் தடை இல்லை.

அப்பா படுக்கையில் இருந்தார். எண்பது வயது, நுரையீரல் போய்விட்டது. இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடிதத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

“நீ பொறந்த ஆஸ்பத்திரியில ரொம்ப நல்லா கவனிச்சாங்க. ஒரு கம்பளி கூட இனாமாக் குடுத்தாங்க,” என்றார்.

“அதைத் திருப்பிக் குடுத்துடலாமாப்பா?”

“கிழிஞ்சு போச்சே.”

யெஷியும் கணவன் தெஜெனேயும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குப் பஸ் ஏறினார்கள். தெஜெனே மாவு மில் வைத்திருப்பவன். ஜிம்மாவைத் தாண்டிப் போவதென்றால் சட்டையில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று நாலு தடவை தட்டிப் பார்ப்பான். அடிஸில் அமஹா தெஸ்ஸேமா என்ற வரி ஆலோசகர் இருந்தார். அமெரிக்காவில், வர்ஜீனியாவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அறையில் கழுகுப் படம் ஒன்று மாட்டியிருந்தது.

“முதல்ல பயப்படாதீங்க மேடம்,” என்றார் அமஹா. “நீங்க பெரிய தப்பு எதுவும் செய்யல. ஒரே தப்பை இருபத்தேழு வருஷமா விடாம செஞ்சிருக்கீங்க, அவ்வளவுதான்.”

“நான் என்ன செஞ்சேன்?”

“எதுவுமே செய்யல. அதுதான் தப்பு.” அவர் தெஜெனேயைப் பார்த்தார். “இவர் யாரு?”

“என் புருஷன்.”

அமஹா ஒரு படிவத்தை இழுத்து எழுதிக்கொண்டார். “வசிக்காத அந்நியர்.”

“யாரு?” என்றான் தெஜெனே.

“நீங்கதான். சட்டம் அப்படித்தான் கூப்பிடும்.”

“அந்த வீட்டுக்குக் கூரை போட்டதே நான்தாங்க. தினமும் அங்கதான் சாப்பிடறேன்.”

“சாப்பிடுங்க. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல.” அமஹா யெஷியின் பக்கம் திரும்பினார். “கல்யாணமே ஆகாம இருந்திருந்தா, வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் டாலர் சம்பாதிக்கிற வரைக்கும் நீங்க படிவமே போட வேண்டாம். ஒரு அமெரிக்கரைக் கட்டி, ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா இருபத்துநாலாயிரம் வரைக்கும் வேண்டாம். நீங்க இவரைக் கட்டியிருக்கீங்க. அதனால தனியாத்தான் போடணும்.”

“அப்போ எவ்வளவு வரைக்கும்?”

“அஞ்சு.”

“அஞ்சாயிரமா?”

“அஞ்சு டாலர்.”

“அது எனக்குப் போட்ட விலையா?” என்றான் தெஜெனே.

“மனசுல வச்சுக்காதீங்க. எல்லா அந்நியருக்கும் இதே விலைதான்,” என்றார் அமஹா ஆறுதலாக. “இன்னொரு வழியும் இருக்கு. நீங்களும் அமெரிக்காவுல வசிக்கறதா ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துடலாம். சட்டத்துல இடம் இருக்கு.”

தெஜெனே நிமிர்ந்து உட்கார்ந்தான். மில் இயந்திரக் கண்காட்சி பார்க்கப் போக வேண்டும் என்று அவன் இரண்டு தடவை அமெரிக்க விசா கேட்டிருந்தான், இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். “அப்போ போகலாமா?”

“போக முடியாது. வசிக்கலாம்.”

“போகாம எப்படிங்க வசிக்கறது?”

“வரிக்கு மட்டும் வசிக்கறது. மாவு மில் வருமானம் முழுசும் அங்க கணக்குல வந்துடும்.”

அந்நியனாகவே இருந்துகொள்வதாக தெஜெனே சொன்னான்.

அப்படியும் படிவம் அவனை எளிதில் அந்நியனாக ஏற்கவில்லை. பிறந்த தேதி கேட்டது. தெஜெனே பிறந்தது பதின்மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி. எங்கள் நாட்டில் வருடக் கடைசியில் ஐந்து நாள் மிஞ்சும், அதை ஒரு மாதமாக வைத்திருக்கிறோம். படிவத்தில் பன்னிரண்டுக்கு மேல் இடம் இல்லை. அவன் இன்னும் பிறக்கவில்லை என்று கணினி மூன்று முறை தெரிவித்தது. நான்காம் முறை அமஹா அவனுக்கு ஒரு செப்டம்பர் தேதியைக் கொடுத்தார். அன்று அவன் பிறந்தான்.

அடுத்தது நேர்காணல், கணினித் திரையில். எதிரே இருந்தது ‘அயல்துணைப் பிரிவு’ என்ற அலுவலகத்தின் அதிகாரி திருமதி ஹாலோவெல். முத்துக் கம்மல் போட்டிருந்தார். நல்ல மனுஷி என்று யெஷி பிற்பாடும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லையாம்.

“உங்க வீட்ல யார் யார் இருக்காங்க, திருமதி தஃபெரே?”

“நான் யெஷி தஃபெரே. என் வீட்டுக்காரர் தெஜெனே வொல்தே. அப்பா தஃபெரே பெகெலெ. பொண்ணு ஹிருத் தெஜெனே.”

ஹாலோவெல் எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்தார். “நாலு பேர், நாலு குடும்பப் பெயர். நீங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா?”

“எங்க ஊர்ல அப்பா பேரைத்தாங்க பின்னாடி போடுவோம்.”

“புரியுது. நாங்க எல்லாக் கலாசாரத்தையும் மதிக்கிறோம்,” என்றார் ஹாலோவெல். கட்டத்தில் ‘உறவு நிரூபிக்கப்படவில்லை’ என்று விழுந்தது.

“நான் எவ்வளவு கட்டணும்?” என்று யெஷி கேட்டாள்.

ஹாலோவெல் சிரித்தார். “இதைத்தான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. உங்ககிட்ட பணம் வாங்கற எண்ணமே எங்களுக்கு இல்ல. உங்க சம்பளத்துக்கு அனேகமா பூஜ்யம்தான் வரும். ஆனா அந்தப் பூஜ்யம் உங்க பூஜ்யமா இருக்கக் கூடாது, எங்க பூஜ்யமா இருக்கணும். அதுக்குத்தான் படிவம், ஆதாரம், வருஷா வருஷம் கையெழுத்து. என் மேசைக்கு வர்ற கோப்புல நூத்துக்குத் தொண்ணூறு பூஜ்யம். பத்தொம்பது வருஷமா நான் பூஜ்யத்தைத்தான் சரிபார்க்கறேன். இதுவரைக்கும் ஒரு பூஜ்யம் கூட என்னைத் தாண்டிப் போனதில்ல.”

“பூஜ்யத்தைச் சொல்லாம விட்டா?”

“பத்தாயிரம் டாலர் அபராதம்.” அவர் கோப்பைப் புரட்டினார். “இப்போ இந்தக் கூடாரம். அதுல உங்க பங்கு எவ்வளவு?”

“பங்குன்னு இல்லைங்க. யாராவது செத்தா போடுவாங்க.”

“நீங்க செத்தா?”

“அப்பவும் போடுவாங்க.”

“அப்போ பலன் உங்களுக்கு.”

“அப்போ நான் செத்துப் போயிருப்பேனே.”

“அதுக்கு வேற படிவம் இருக்கு. வெளிநாட்டுல ஒரு அமைப்பு. அதுல நீங்க பணம் போடறீங்க, பின்னாடி பலன் கிடைக்குது. கூடாரம், பெஞ்சு, பானை, சமையல். வேற என்ன?”

யெஷி பொய் சொல்லிப் பழகாதவள். “வந்து அழுவாங்க.”

“எத்தனை பேர்?”

“எல்லாரும். மூணு நாள்.”

ஹாலோவெல்லின் விரல்கள் நின்றன. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒன்று கிடைத்ததுபோல் அவர் முகம் கனிந்தது. “சேவை,” என்றார் மெதுவாக. “உள்ளூர்ச் சந்தை விலையில மதிப்பு போட்டு அனுப்புங்க.”

அழுகைக்கு விலை வைக்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இத்திர் கூடியது. இடம் தெஜெனேயின் மில் முற்றம். காஷே வொர்கு பேரேட்டைத் திறந்து, எல்லோருக்கும் ஒரே விலை, மணிக்கு எங்கள் பணத்தில் பதினைந்து பிர் என்று முன்மொழிந்தார்.

எத்தியே தங்குத் எழுந்தாள். எத்தியே என்று நாங்கள் எல்லா மூத்த பெண்களையும்தான் கூப்பிடுவோம், ஆனால் எங்கள் தெருவில் எத்தியே என்றால் தங்குத்துதான்.

“நான் அழுதா மூணாவது தெருவுல இருக்கறவன் யாரு செத்ததுன்னு ஓடி வர்றான். எனக்கும் இந்த அல்மாஸுக்கும் ஒரே கூலியா?”

“உங்களுக்குச் சத்தம்தான் எத்தியே, தண்ணி வராது,” என்றாள் அல்மாஸ்.

“உன் மாமியார் சாவுக்கு உனக்கு வந்துச்சா?”

“உட்காருங்க ரெண்டு பேரும்!” என்றார் காஷே. “முதல் தரம், ரெண்டாம் தரம்னு பிரிச்சுடுவோம்.”

“சும்மா உட்கார்ந்துட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போறவனுக்கு?”

“அது மூணாம் தரம்.”

ஆண்கள் எல்லோரும் மூன்றாம் தரத்தில் விழுந்தார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை.

“ஏன் காஷே, அமெரிக்காவுல செத்தா யாரும் அழ மாட்டாங்களா?” என்றாள் அல்மாஸ்.

“அழாம என்ன. கணக்கு வச்சுக்கிட்டு அழுவாங்க.”

பட்டியல் போனது. ஆறு வாரத்தில் நாற்பத்தோரு கேள்விகளுடன் திரும்பி வந்தது. முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தகுதி பெற்ற ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்றது பதினேழாம் கேள்வி. எத்தியே தங்குத்தைத் தவிர வேறு யாருக்கும் தகுதி இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. அவளையே அனுப்பிவைக்கலாம் என்றால் விசா கிடைக்காது.

இதற்குள் மழை தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தச்சர் இறந்து, ஒழுகும் கூடாரத்தில் மூன்று நாள் நனைந்தோம். நான்காம் நாள் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

“ஒருத்தி எங்கயோ போய்ப் பொறந்ததுக்கு நூத்திப் பதினேழு வீடு நனையணுமா? அந்த வீட்டையே சங்கத்தை விட்டு எடுத்துடுங்க.”

யெஷி அப்பாவை நினைத்துக்கொண்டாள். அப்பா இந்த இத்திரைத் தொடங்கிய ஒன்பது பேரில் ஒருவர். நாற்பது வருடமாக மற்றவர்களின் சாவுக்குப் பெஞ்சு தூக்கியவர். வீட்டை எடுத்தால் அவருக்குக் கூடாரம் இல்லை, பானை இல்லை, பெட்டியைத் தூக்க நான்கு தோள் இல்லை. டாக்டர் சொன்ன கணக்குப்படி அதற்கு அதிக நாளும் இல்லை.

அவள் அமஹாவுக்குப் போன் செய்தாள். அமஹா இரண்டு வழி வைத்திருந்தார்.

“ஒண்ணு, விவாகரத்து. அஞ்சு டாலர்ல இருந்து ஒரேயடியா பன்னிரண்டாயிரத்துக்கு ஏறிடுவீங்க.”

தெஜெனே பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். “என்னை விட்டா இவ்வளவு லாபம்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பியே,” என்றான்.

“சும்மா இரு நீ,” என்றாள் யெஷி. “ரெண்டாவது வழி என்னங்க?”

“நீங்க சங்கத்தை விட்டு விலகிடுங்க. உங்க இடத்துல உங்க வீட்டுக்காரர் சேரட்டும். அவர் அந்நியர்தானே, எத்தனை கூடாரம் வேணும்னாலும் வச்சுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. வங்கிக்கு நான் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடறேன். ஆனா ஒரு நிபந்தனை. தொண்ணூறு நாளைக்குச் சங்கத்தோட எந்தப் பலனும் உங்க மேல படக் கூடாது. பட்டுச்சுன்னா பத்தாயிரம் டாலர், கணக்கும் மறுபடி பூட்டு.”

“அப்பா போயிட்டா?”

“உங்க அப்பா அமெரிக்கர் இல்லையே. உங்க வீட்டுக்காரரோட மாமனார்ங்கற முறையில கூடாரம் தாராளமாப் போடலாம். நீங்க மட்டும் அதுக்குள்ள உட்காரக் கூடாது.”

யெஷி இதை அப்பாவிடம் சொன்னாள். அவர் யோசித்தார்.

“தொண்ணூறு நாள்தானே. பல்லைக் கடிச்சுட்டு இருந்துடறேன்.”

“அப்பா, அதெல்லாம் வேண்டாம்.”

“ஏண்டி வேண்டாம்? வேற என்ன வேலை எனக்கு?”

உண்மையிலேயே முயன்றார். தினமும் காலையில் எத்தனையாவது நாள் என்று கேட்டார். கணக்கு திறந்தது, பணம் வந்தது, அடிஸில் கூடாரம் வாங்கினோம். வெள்ளையில் நீலப் பட்டை, நான்கு பக்கமும் திரை. காஷே ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அப்பாவால் ஐம்பத்திரண்டு நாள்தான் முடிந்தது.

புதுக் கூடாரத்தின் முதல் சாவு அவருடையது. பெட்டியைத் தூக்க நாற்பது பேர் முறை வைத்துப் போட்டியிட்டார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் துக்க வீட்டுக்குத் திரும்பியபோது, அமஹாவும் வந்து சேர்ந்தார். பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர் என்பதால் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். கூடாரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“கயிறு கட்டின முளை வரைக்கும் கூடாரம்தான் மேடம். அதுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. நாற்காலி உங்களோடதுதானே?”

“வீட்டு நாற்காலிதான்.”

“நல்லது.”

யெஷி முளைக்கு இரண்டு அடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்புத் துணி, தலையில் வெள்ளை நெத்தலாப் போர்வை. உள்ளே நூற்றுப் பதினெட்டு வீடுகள் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அப்பாவுக்காக அழுதன. திரை இடைவெளியில் அது அவளுக்குத் தெரிந்தது. மழை வந்தது. அவள் எழுந்துகொள்ளவில்லை. தெஜெனே கூடாரத்துக்குள் குடும்பத் தலைவனாக உட்கார வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வெளியே போய் அவள் காலடியில், சேற்றில் உட்கார்ந்தான்.

எத்தியே தங்குத் அதைப் பார்த்தாள். அவித்த கோதுமைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மழையில் போய் யெஷியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். முதல் தரம்.

அமஹா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். “வேண்டாம் அம்மா! அவங்க மேல சாஞ்சு அழுதா அது பலன்ல வரும்!”

“நான் என் சொந்தச் செலவுல அழறேன், போடா!” என்றாள் தங்குத்.

அடுத்து அல்மாஸ் போனாள். பிறகு தச்சரின் மனைவி. பிறகு வரிசை வரிசையாக. வீட்டை எடுத்துவிடச் சொன்ன குரல்காரர் தன் கம்பளிப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். பெஞ்சை யாரும் எடுக்கவில்லை. சங்கத்தின் பெஞ்சு. சேற்றிலேயே உட்கார்ந்தார்கள். மழைச் சத்தத்துக்கு மேல் அழுகைச் சத்தம் கேட்டது. யெஷி அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

கூடாரத்துக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அமஹா மட்டும் இருந்தார். அடிஸிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர், பசி. தட்டில் இஞ்சிரா ரொட்டியும் பருப்பும் இருந்தன.

காஷே வொர்கு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். பேரேட்டை எதிர்பெஞ்சில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைய பக்கத்தைத் திறந்தார். கூடாரத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதுவது விதி.

“பேர்?”

“அமஹா தெஸ்ஸேமா. நான் உறுப்பினர் இல்லைங்க.”

“தெரியும். விருந்தாளிக்குத் தனிப் பக்கம் இருக்கு.” எழுதினார். “எந்த நாடு?”

அமஹா பழக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டார். “அமெரிக்கக் குடிமகன்.”

காஷே அதையும் எழுதினார். அவருக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். “கூடாரம், ஒருத்தர். பெஞ்சு, ஒண்ணு. சாப்பாடு…” எட்டிப் பார்த்தார். “ரெண்டாவது தட்டா?”

“ஆமா.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. எதுக்குங்க?”

“சம்சாரம் எந்த நாடு?”

அமஹா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். வெளியே எத்தியே தங்குத் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கியிருந்தாள்.

“அடிஸ்தான்,” என்றார்.

காஷே வொர்கு முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார், நகலைக் கிழித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பத்திரமா வச்சுக்கோங்க,” என்றார். “கேப்பாங்க.”